த்ரீ நாட் த்ரீயும் கலப்பைக் கொழுவும்

எங்க பிள்ளைச்சாவடியில தேய்மானம்னா என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிழக்கே கடல் கரையைத் தின்னுது. உப்புக்காத்து மோட்டார், கதவுக் கீல், மண்வெட்டின்னு எல்லாத்தையும் தின்னுது. அதனாலயோ என்னவோ, எந்தப் பொருளைப் பார்த்தாலும் "இது எங்க தேயும்? தேய்ஞ்சா என்ன பண்ணுவாங்க?"ன்னுதான் எனக்கு யோசனை ஓடும். இன்னைக்கு அப்படி ஒரு பொருளோட கதை. போலீஸ்காரங்க தோள்ல நாம பார்த்து வளர்ந்த த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி.

அதோட பெயர் லீ-என்ஃபீல்ட். அந்தப் பெயரே ஒரு தேய்மானத்தால வந்ததுதான். 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்ட துப்பாக்கிக்கு லீ-மெட்ஃபோர்ட்னு பேரு. தோட்டாவை ஏத்திப் பூட்டுற அமைப்பு ஜேம்ஸ் பாரிஸ் லீயோடது. குழலுக்குள்ள இருக்கிற சுருள் பள்ளம் வில்லியம் மெட்ஃபோர்டோடது. குண்டு சுழன்று நேரா போக அந்தப் பள்ளம் வேணும். மெட்ஃபோர்ட் போட்டது ஆழம் குறைஞ்ச, விளிம்பு மழுங்கின 7 பள்ளம். கரிமருந்துக்கு அது பொருத்தம், கசடு அடைக்காது. அப்புறம் புகையில்லாத கார்டைட் மருந்து வந்தது. அதோட சூட்டுல பள்ளம் சீக்கிரமே தேய்ஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. 1895-ல் என்ஃபீல்ட் தொழிற்சாலையில ஆழமான 5 பள்ளம் போட்டாங்க. மெட்ஃபோர்ட் பேரு போய் என்ஃபீல்ட் பேரு ஒட்டிக்கிச்சு. அந்த கார்டைட்டைத் தயாரிக்க 1900-களின் தொடக்கத்துல நம்ம நீலகிரி அருவங்காட்டுலயே தொழிற்சாலை வந்தது.

அடுத்தது பூட்டு. தோட்டாவோட பின்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கிற போல்ட் சுடச் சுட கொஞ்சம் கொஞ்சமா தேயும். இடைவெளி கூடினா, வெடிக்கும்போது தோட்டாவோட பித்தளைக் கூடு கிழியலாம். இதுக்காக முழுத் துப்பாக்கியையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. போல்ட்டோட முகப்பு மட்டும் தனித் துண்டு, திருகிக் கழட்டிடலாம். இரண்டாம் உலகப்போர்ல வந்த நம்பர் 4 மாடல்ல இந்த முகப்பை 0, 1, 2, 3 னு நாலு அளவுல செஞ்சு வெச்சாங்க. ஒண்ணுக்கொண்ணு நீளம் ஒரு அங்குலத்துல ஆயிரத்துல மூணு பங்குதான் கூடுதல், ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம். தேய்ஞ்சா அடுத்த நம்பரை மாட்ட வேண்டியதுதான்.

மூணாவது மரம். சுடும்போது இரும்பு முழுசும் பின்னால உதைக்கும். அந்த உதையை வாங்குறது முன்கட்டையில செதுக்கின ரெண்டு சின்னத் தோள். மரம் காய்ஞ்சு சுருங்கினாலோ நசுங்கினாலோ துப்பாக்கி ஆட ஆரம்பிச்சுடும், குறி தப்பும். ஆஸ்திரேலியாவுல லித்கோ தொழிற்சாலைக்காரங்க உள்ளூர் கோச்வுட் மரத்துல கட்டை செஞ்சாங்க. அது மெதுவான மரம், உதை தாங்கலை. அந்த ரெண்டு தோள்லயும் சின்னதா செம்புத் தகடு பதிச்சாங்க, சரியாப் போச்சு. வங்காளத்துல இஷாப்பூர் தொழிற்சாலைக்காரங்க கட்டை பிளக்காம இருக்கக் குறுக்கே ஒரு திருகு இறக்கினாங்க. பழைய துப்பாக்கி சேகரிக்கிறவங்க இன்னைக்கும் அதை 'இஷாப்பூர் திருகு'ன்னுதான் சொல்றாங்க. அதை முதல்ல யோசிச்ச தொழிலாளி பேரு அதுல இல்லை, ஊர் பேரு நின்னுடுச்சு.

துப்பாக்கிக்குப் புகழ் பாட நான் வரலை. 1919-ல் ஜாலியன்வாலா பாக்ல நிராயுதபாணியா நின்ன ஜனங்க மேல 1,650 ரவுண்டு சுட்டது இந்த .303 தான். ஆனா அதைச் செஞ்சவங்க ஒண்ணை ஒத்துக்கிட்டாங்க: பொருள்னா தேயும். தேயுற இடத்தைத் தனியா பிரிச்சு வெச்சாங்க. அதனாலதான் 2020 குடியரசு தின அணிவகுப்பு வரைக்கும் உத்தரப் பிரதேச போலீஸ் கையில அது இருந்தது.

விவசாயிக்கு இது புது விஷயமில்லை. மரக்கலப்பையே மண்ணைக் கீறினா ஒரு பருவம் தாங்குமா? அதான் முனையில இரும்புக் கொழு தனியா. தேய்ஞ்சா கொல்லர் காய்ச்சி அடிச்சு நீட்டித் தருவார், கலப்பை அப்படியே இருக்கும். வண்டிச் சக்கரத்துலயும் அதே கணக்குதான். மரக்குடம் அச்சுல உரசித் தேயாம இருக்க உள்ளே இரும்பு புஷ், வெளிய இரும்புப் பட்டா. புஷ் போனா புஷ் மாத்து, பட்டா போனா பட்டா மாத்து. தச்சரும் கொல்லரும் பக்கத்துலயே இருந்தாங்க.

இப்போ என் மருந்து தெளிக்கிற மிஷின்ல ஒரு சின்ன வால்வு தேய்ஞ்சா, "பார்ட் தனியா வராது சார், முழு செட்டா மாத்துங்க"ங்கிறாங்க. பட்டறைக்கு எடுத்துட்டுப் போனா பிரிக்கவே வழியில்லை, ஓரமெல்லாம் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருக்கு. போற காசு ஒரு பக்கம் இருக்கட்டும். பிரிச்சுப் பார்க்க முடியாத பொருளை வெச்சுக்கிட்டு அடுத்த தலைமுறை கொல்லர் எதைப் பார்த்துத் தொழில் கத்துக்குவார்? இஷாப்பூர்ல அந்தத் திருகு வந்ததே, ஒருத்தர் கட்டையைக் கழட்டிப் பிளவைக் கண்ணால பார்த்ததாலதானே?

டவுன்ல இருக்கிற உங்க மிக்ஸிக்கும் செல்போனுக்கும் இதே கதைதான். அடுத்த தடவை கடையில ஒரு பொருள் வாங்கும்போது விலையைக் கேக்குறதுக்கு முன்னால இதைக் கேளுங்க: "இதுல முதல்ல எது தேயும்? அது மட்டும் தனியா கிடைக்குமா?" நாலு பேர் கேட்டா கடைக்காரர் முழிப்பார். நாப்பது பேர் கேட்டா கம்பெனிக்குப் போன் போடுவார்.