தேசிங்கு ராஜா குதிரைக்கு என்ன மைலேஜ்?

தமிழ்நாட்டில் வல்லம் என்ற பெயரில் ஊர்கள் நிறைய உண்டு. தஞ்சாவூர் பக்கம் ஒன்று, தென்காசி பக்கம் ஒன்று. இந்தப் பதிவுக்கு இரண்டு போதும். முதலாவது செஞ்சிக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்க வல்லம். நெல்லு, மல்லாட்டை, கரும்பு. இரண்டாவது ஒரகடத்தை ஒட்டின வல்லம் வடகால். ராயல் என்ஃபீல்டு 2017இல் அங்கே ஒரு தொழிற்சாலை திறந்தது. ஆக, ஒரு வல்லத்தில் பைக் செய்கிறார்கள். இன்னொரு வல்லத்தில் அதை வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து நடக்கிறது :-)

எங்க வீட்டுக்கும் அந்தப் பஞ்சாயத்து வந்தது. சித்தப்பா பையன் ஒரகடம் பக்கம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. 400 சிசி வண்டிதான் வேணும் என்கிறான். முன்பணம் கட்ட சித்தியின் நகை அடகுக்குப் போகணும். "நீதான் இன்ஜினியர் ஆச்சே, நீயே ஒரு வழி சொல்லுப்பா" என்று சித்தப்பா என் தலையில் கட்டிவிட்டார். (நான் தட்டுறது கம்ப்யூட்டர் ஜாவா சித்தப்பா, மைசூர்ல செஞ்சாங்களே அந்த ஜாவா இல்லைன்னு சொன்னேன். எடுபடலை.)

சரி, மேட்டருக்கு வருவோம். விலை அதிகமான வண்டி அந்த விலைக்குத் தகுமா? இந்தக் கேள்வியில் தமிழ்நாட்டுக்கு எழுநூறு வருஷத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது. என்ன, அப்போ வண்டிக்கு நாலு கால்.

நம்ம ஊரில் நல்ல போர்க்குதிரை பிறக்காது. சீதோஷ்ணம் ஒத்துவராது, மேய்ச்சலும் சரியில்லை. அதனால் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பலில்தான் வரணும். சங்ககாலப் பட்டினப்பாலையே கடல்வழி வந்த குதிரைகளைப் பற்றிப் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ கணக்கே எழுதி வைத்திருக்கிறார். ராஜா ஒருவர் மட்டும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார். ஒரு குதிரையின் விலை 500 பொன் நிறைக்கு மேல், அதாவது வெள்ளியில் 100 மார்க்கைத் தாண்டும். வாசஃப் என்கிற பாரசீக வரலாற்றாசிரியர் சொல்லும் விலை குதிரைக்கு 220 தினார். வழியில் குதிரை செத்துப்போனாலும் காசு உண்டு என்பது ஒப்பந்தம்.

மார்க்கோ போலோ அதற்கடுத்து சொல்வதுதான் முக்கியம். வருஷக் கடைசியில் அந்த 2,000இல் நூறு கூட மிஞ்சாதாம். காரணம், குதிரையை வளர்க்கத் தெரியவில்லை. சோற்றோடு மாமிசத்தை வேகவைத்துப் போட்டிருக்கிறார்கள். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் கிடையாது. குதிரை விற்கிற வியாபாரிகள் அந்த ஆட்களை இந்தப் பக்கம் வரவே விடுவதில்லை என்றும் எழுதுகிறார். ஏன்? குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

வெளிநாட்டுக்காரர் சொல்வதை அப்படியே நம்பணுமா என்று கேட்டால், கொஞ்சம் உப்பு மிளகாய் சேர்த்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் விஷயம் புரிகிறது. பாண்டியன் குதிரைக்குக் காசு கொடுத்தான், குதிரையோடு வரவேண்டிய தொழிலுக்குக் கொடுக்கவில்லை.

நம்ம பக்தி மரபிலேயே ஒரு குதிரை வியாபாரம் உண்டு. குதிரை வாங்க அரசன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில், இப்போதைய ஆவுடையார்கோவிலில், கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்து ஒப்படைத்த கதை. கை மாறும்போது பரி, ராத்திரி லாயத்துக்குள் போனதும் நரி. ஷோரூமில் பார்த்த வண்டி முதல் சர்வீஸ் பில்லில் வேறு முகம் காட்டுகிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

விஜயநகரம் வந்தபோதும் பழக்கம் மாறவில்லை. 1530களில் விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியர் நூனிஸ் தானே குதிரை வியாபாரி. சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்ற கணக்கில் உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் வாங்கினான் என்கிறார். கடலில் செத்ததற்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை! கேட்க அபத்தமாக இருக்கிறது. ஆனால் அவன் ஏமாளி இல்லை. பக்கத்திலேயே பாமினி சுல்தான்களின் குதிரைப்படை நிற்கிறது. குதிரைக் கப்பல் தன் கரைக்கு வராமல் போனால் ராஜ்யமே போயிடும். அவனுக்கு அந்த விலை தகும். அதே விலையை ஒரு பாளையக்காரன் கொடுத்திருந்தால் அவன் பாளையம் காலி.

இப்போ செஞ்சிக்கு வருவோம். ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகால் பக்கத்திலேயே குதிரை லாயம் இருக்கிறது. போனால் அவசியம் பாருங்கள். எல்லோரும் மலையேறும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாயக்கர்கள், பீஜப்பூர்காரர்கள், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர் என்று கை மாறி, கடைசியில் கோட்டை புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங் கைக்கு வந்தது. அவர் மகன்தான் தேஜ்சிங். நம்ம வாயில் தேசிங்கு.

தேசிங்கின் குதிரையைத் தெரியாதவர் எங்க பக்கம் கிடையாது. டெல்லியில் யாராலும் அடக்கமுடியாத குதிரையை, அதை அடக்க முடியாமல் சிறைப்பட்ட அப்பாவுக்காக, பையன் போய் அடக்கிப் பரிசாக வாங்கி வந்தான் என்பது கதைப்பாடல். அதில் பெயர் பாராசாரி. நீலவேணி என்றும் சொல்வார்கள். இது கதை. வரலாறு சொல்வது சுருக்கம். 1714இல் அப்பா இறந்ததும் தேசிங்கு பட்டத்துக்கு வந்தான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். இவன் கட்ட மறுத்தான். சண்டை வந்தது. நவாபிடம் பெரும்படை, இவனிடம் சில நூறு பேர். அந்த வருஷமே அக்டோபரில் போர்க்களத்தில் செத்தான். வயசு 22 என்பார்கள். உடன்கட்டை ஏறின அவன் மனைவி நினைவாகத்தான் ராணிப்பேட்டை. நண்பன் மோவுத்துக்காரனுக்கும் குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதி காட்டுகிறார்கள்.

இந்தக் கதையில் குதிரை மேல் ஒரு குறையும் இல்லை. சொன்ன இடத்துக்கெல்லாம் போனது. குறை இருந்தது பாக்கிக் கணக்கில். நல்ல குதிரை இருந்தால் மீதி எல்லாம் தானாக வரும் என்று நினைக்கிற வயசு 22 :-(

மோட்டார் சைக்கிளுக்கும் இதே கணக்குதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்து திருவொற்றியூரில் புல்லட் செய்தது. அது உலகத்திலேயே சிறந்த வண்டியா? எண்ணெய் ஒழுகும், உதைத்தால் திருப்பி உதைக்கும். ஆனால் திண்டிவனத்திலும் திருவண்ணாமலையிலும் ஸ்பானரோடு ஒரு புல்லட் மேஸ்திரி இருந்தார். லாடம் அடிக்க ஆள் இருந்தது, குதிரை பிழைத்தது.

1983இல் எஸ்கார்ட்ஸ், யமஹா கூட்டில் ராஜ்தூத் 350 கொண்டுவந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், முதலில் வந்த மாடலில் 30.5 குதிரைத்திறன். அன்றைக்கு இந்தியாவில் செய்த வண்டிகளில் அதை ஓட்டி முந்த ஆள் கிடையாது. ஆனால் பெட்ரோல் குடித்தது, பாகங்கள் கிடைக்கவில்லை, பிரித்து மாட்டத் தெரிந்தவர் குறைவு. பத்து வருஷம் தாங்கவில்லை. அதே கூட்டணி 1985இல் விட்ட ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன். 1996 வரை ஓடியது, இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தெருமுனைக் கடையிலேயே வேலை முடிந்துவிடும்.

2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இந்தியத் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தபோது வண்டி வைத்திருந்தவர்கள் முதலில் கேட்டது வேகத்தைப் பற்றியா? சர்வீஸுக்கு எங்கே போறது என்றுதான். அடுத்த மாசமே ஹீரோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டதும்தான் மூச்சு வந்தது.

நடுவில் விலை எவ்வளவோ இறங்கியிருக்கிறது. 2018 நவம்பரில் இன்டர்செப்டர் 650 இரண்டரை லட்சத்துக்கு வந்தது. 2023 ஜூலையில் டிரையம்ப் ஸ்பீடு 400 இரண்டு லட்சத்து 33 ஆயிரத்துக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் 40 சதவீதமாக ஏறியது. ஆக 350க்கும் 400க்கும் நடுவே அரசாங்கமே ஒரு அகழி வெட்டிவிட்டது.

இனி யாருக்குத் தகும்? சின்னக் கணக்கு. மூன்று லட்சம் ரூபாய் வண்டி, அஞ்சு வருஷம். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் மொத்தம் 60,000, வண்டி விலை மட்டும் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். மாசம் 200 ஓட்டினால் 12,000தான், கிலோமீட்டருக்கு 25 ரூபாய். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், மைலேஜ் 25 என்று வைத்தால் அது வெறும் 4 ரூபாய். மைலேஜ் மைலேஜ் என்று அடித்துக்கொள்கிறோமே, நிஜமாகத் தின்பது ஓடாமல் நிற்கிற வண்டிதான்.

பால் கேனும் மல்லாட்டை மூட்டையும் ஏற்றுபவருக்கு 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50யின் பரம்பரையை மிஞ்சின குதிரை இன்னும் பிறக்கவில்லை. சென்னையில் சிக்னலுக்கு சிக்னல் முதல் கியரில் ஊர்ந்து ஆபீஸ் போகிறவருக்கு 650 தொடையைச் சுடும் அடுப்பு. மாசத்துக்கு நாலு தடவை ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்கு நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்கு நல்ல பிரேக்கும், முந்தும்போது கை கொடுக்கும் இன்ஜினும் சொகுசு இல்லை, தேவை. சித்தப்பா பையன் இந்த மூன்றாவது ரகம். அதனால் அவன் ஆசையில் தப்பு இல்லை. ஆனால் நகையை வைத்து வாங்கினால் அது தேசிங்கு கணக்கு. 350க்குள் பார், முன்பணத்தை உன் சம்பளத்தில் சேர், திண்டிவனத்திலோ செஞ்சியிலோ அதைப் பிரிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரி என்று சொல்லியிருக்கிறேன். அவன் முகம் போன போக்கை எழுதவேண்டாம் :-)

விசாரி என்பதற்குக் காரணம் உண்டு. புது வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, கம்ப்யூட்டர். கோளாறைப் படிக்கும் கருவி பல சமயம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும்தான். லாடம் அடிக்கிறவனைக் கப்பலில் ஏற்றாத வியாபாரி இன்னும் நம்மோடுதான் இருக்கிறான்.

அப்போ, கௌரவத்துக்காக வாங்குகிறவர்? அதையும் மட்டம் தட்டமாட்டேன். ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண் குதிரை செய்து நிறுத்துகிறோம். அது ஒரு அடி ஓடினதில்லை, ஆனாலும் ஊருக்கே பெருமை. ஒரே ஒரு வித்தியாசம்: அந்தக் குதிரைக்குக் கொள்ளு வேண்டாம், லாடம் வேண்டாம், யாரும் அதுக்காக நகையை அடகு வைக்கிறதும் இல்லை.