புள்ளலூர்ச் சண்டையும் பத்திரிகைகளும்

வாலாஜாபாத்தின் பெயர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவிடமிருந்து வந்தது. பாலாற்றங்கரையிலுள்ள இவ்வூர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் தங்குமிடமாக இருந்தது. நவாபும் அவருக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே நாட்டைப் பிடித்த கம்பெனியும் ஒரு பக்கம், மேற்கே மைசூர் மறுபக்கம். இவ்விரு தரப்பின் பகை முற்றிய காலத்தில்தான் இந்தியாவில் அச்சுப் பத்திரிகை தோன்றியது.

அதற்கு முன்பும் செய்திக்குப் பஞ்சமில்லை. அயல் தர்பாரில் வக்கீல் எனப்பட்ட தூதர் ஒருவர் இருப்பார். அங்கு நடப்பதைக் கையால் எழுதிய அக்பார்கள் சொல்லும். ஓடியும் ஒற்றறிந்தும் சேதி கொண்டுவர ஹர்காராக்கள் இருந்தனர். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், ஆங்கிலேயரின் சென்னைக்கும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்கும் இடையிலான பகை அன்றாடச் சேதியாகவும் கடைத்தெரு வதந்தியாகவும் பதிவாகியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் ஆள்வோருக்கும் அவர்களை அண்டியோருக்கும் உரியவை. ஊரார் காசு கொடுத்து வாங்கிப் படிப்பதற்கல்ல.

1780 ஜனவரி 29இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி தம் 'பெங்கால் கெஜட்'டைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் மைசூரை ஆண்ட ஐதர் அலி ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்துக்கு வடக்கே, ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதிய புள்ளலூரில், கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை முறியடிக்கப்பட்டது. மைசூர் ராக்கெட்டுகள் வெடிமருந்து வண்டிகளைப் பற்றவைத்தன என்பர். காஞ்சிபுரத்தில் இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்ரோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். அப்போது சென்னையில் பத்திரிகையே இல்லை. ஆகவே இந்தத் தோல்வி அச்சேறியது ஆயிரம் மைலுக்கு அப்பால், கல்கத்தாவில். ஹிக்கி போர்ச் செய்தியோடு நிற்காமல் கம்பெனித் தளபதிகளையும் குறைகூறினார். நவம்பரில் அவருடைய ஏட்டைத் தபாலில் அனுப்பத் தடை வந்தது. உடனடிக் காரணம் போர் அல்ல, அப்போதைய கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸின் மனைவியைப் பற்றிய வம்பு. 1782 மார்ச்சில் அச்செழுத்துகளும் பறிமுதலாயின.

மைசூரும் இந்த வெற்றியைச் சொல்லாமல் விடவில்லை; அதற்குத் தாள் அல்ல, சுவர் கிடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தவுலத் மாளிகையில் ஐதரின் மகன் திப்பு சுல்தான் தீட்டச் செய்த ஓவியத்தில் ஐதரும் திப்புவும் யானைமேல் நிதானமாக வர, நடுவில் பெய்லி பல்லக்கில் சிக்கி இருக்கிறார். அதுவும் ஒருதலைப்பட்சமான செய்திதான்.

சென்னையின் முதல் பத்திரிகையான 'மெட்ராஸ் கூரியர்' 1785 அக்டோபரில் வெளிவந்தது. அதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஜான்ஸ்டன் அரசாங்க அச்சகர். ஆகவே அது அரசின் நிழலிலேயே வளர்ந்தது. அதன் ஆசிரியராயிருந்த ஹ்யூ பாய்ட் பின்னர் நடத்திய ஏட்டுக்கு 'ஹர்காரா' என்றே பெயர் வைத்தார். பழைய ஒற்றனின் பெயர் பத்திரிகைக்கு வந்தது பொருத்தமே. 1795இல் சென்னையில் தணிக்கை தொடங்கியது. அனுமதியின்றி ஏடு நடத்திய ஹம்ப்ரீஸ் என்பவரை நாடுகடத்த உத்தரவாயிற்று.

திப்புவோடு கடைசிப் போர் மூண்டபோது பிரெஞ்சுக்காரரைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1799 மே 13இல் கொண்டுவந்த விதிகளின்படி அச்சிடுவோர் தம் பெயரை ஏட்டில் போடவேண்டும். அரசாங்கச் செயலாளர் பார்த்த பிறகே எதையும் அச்சிடலாம். மீறினால் ஐரோப்பாவுக்குக் கப்பல். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தது மே 4ஆம் தேதி. எதிரி மறைந்து ஒன்பது நாளுக்குப் பின் பிறந்த அந்த முன்தணிக்கை 1818 வரை நீடித்தது.