பித்தப்பைக் கல்லும் உணவும்

ஈரலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பைக்குள் பித்தநீர் உறைந்து திரள்வதே பித்தப்பைக் கல். மணல் அளவிலும் இருக்கும், கோழிமுட்டை அளவிலும் இருக்கும். கோவை மாவட்டத்தில் கருமத்தம்பட்டி, சோமனூர் விசைத்தறிப் பகுதிகளில் ‘வயித்துல கல்லு’ என்றதுமே வாழைத்தண்டுச் சாறும் கொள்ளு ரசமும் அடுப்பேறும். அவை சிறுநீரகக் கல்லுக்குச் சொன்ன பக்குவம். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் இந்தக் கல் கரையாது.

ஈரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை கொள்வதோ 30 முதல் 50 மில்லி. அதனால் நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைக்கிறது. எண்ணெய், நெய் சேர்ந்த உணவு சிறுகுடலை எட்டினால்தான் பை நன்றாகச் சுருங்கிக் காலியாகும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிஞ்சினாலோ, பை நெடுநேரம் அசையாமல் கிடந்தாலோ படிகம் படியும். இரத்தச் சிவப்பணுக்கள் அதிகம் சிதையும் நோய்களில் நிறமிக் கல் என்ற வேறு வகை வரும். அறுவைக்குப் பின் டப்பாவில் போட்டுத் தரும் கல்லைப் பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம்: மஞ்சளாக, மெழுகுபோல் இருந்தால் கொலஸ்ட்ரால், மிளகுபோல் கறுத்துப் பொடிந்தால் நிறமிக் கல்.

ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து எஸ். எல். மல்ஹோத்ரா 1968இல் வெளியிட்ட கட்டுரை, தென்னிந்தியரைவிட வட இந்தியருக்கு இந்நோய் ஏழு மடங்கு என்றது. உணவின் மீதே அவருக்குச் சந்தேகம். தீட்டிய அரிசி, சர்க்கரை, உடற்பருமன் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். கம்பு, சோளம், கீரையின் நார்ச்சத்து குறைக்கும். நிலக்கடலையும் கொட்டைப் பருப்புகளும் அடிக்கடி உண்ட அமெரிக்கப் பெண்களிடம் பித்தப்பை அறுவை குறைவாக இருந்தது. கொள்ளு ரசத்தை நம்புவோருக்கு ஒரு செய்தி: சிலி நாட்டு இளைஞர்களுக்குப் பயறு மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தபோது பித்தநீரில் கொலஸ்ட்ரால் செறிவு ஏறியது.

எண்ணெயை அறவே விடுவது தீர்வல்ல. காலை உணவைத் தள்ளிப்போட்டுப் பட்டினி கிடப்பதும், வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறைப்பதும் கல்லை வரவழைக்கும்.

பலருக்குக் கல் வலியின்றிக் கிடக்கும், ஸ்கேனில்தான் தெரியும். அதற்கு வழக்கமாக அறுவை தேவையில்லை. விருந்து உண்ட இரவில் வலது விலாவுக்குக் கீழ் பிடித்து, தோள்பட்டை வரை ஏறும் வலியை வாயு என்று சோடா குடித்துச் சமாளிப்பார்கள். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பித்தப்பையை அகற்றும் அறுவையை 1882இல் பெர்லினில் லாங்கன்புக் முதலில் செய்தார். லேப்ராஸ்கோப்பி முறை 1990இல் மும்பையில் உத்வாடியா மூலம் இந்தியாவுக்கு வந்தது. கோவையில் அத்துறையை வளர்த்தவர் சி. பழனிவேலு. பை போனபின் பித்தநீர் ஈரலிலிருந்து நேரே குடலுக்குச் சொட்டும். சில வாரங்கள் எண்ணெய்ப் பலகாரம் வயிற்றை இளக்கலாம்.