வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தியின் எடைச் சமநிலை

வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தியின் எடைச் சமநிலை என்பது, தரையில் நிற்பவர் வானொலி அலைகளால் இயக்கும் சிறிய வானூர்தியின் ஈர்ப்பு மையத்தை அதற்குரிய இடத்தில் அமையச் செய்வதாகும். ரிசீவர் எனப்படும் அலைவாங்கி, சர்வோக்கள், மின்கலம் ஆகியவற்றை எங்கே பொருத்துவது என்பதும் இதனுள் அடங்கும். கட்டி முடித்த வானூர்தியில் இடம் மாற்றக்கூடிய எடை பெரும்பாலும் இக்கருவிகளின் எடையே.

1937 இல் ஐக்கிய அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள் தாமே செய்த வானொலிக் கருவியைக் கொண்டு ஒரு மாதிரி வானூர்தியைப் பறக்கவிட்டனர். அக்கால வெற்றிடக் குழாய்க் கருவிகளைச் சுமக்கப் பெரிய வானூர்தி வேண்டியிருந்தது. இன்றைய அலைவாங்கி சில கிராம் எடையே உடையது. ஆனால் மின்கலம் இன்றும் கனமானது.

ஈர்ப்பு மையத்தின் இடம்

பறக்கும் வானூர்தியின் மூக்கைக் காற்று திடீரென மேலே தூக்கினால் தூக்கு விசை கூடுகிறது. இந்தக் கூடுதல் விசை செயற்படும் இடம் நடுநிலைப் புள்ளி எனப்படும். ஈர்ப்பு மையம் இப்புள்ளிக்கு முன்னால் இருந்தால் அந்த விசையே மூக்கைக் கீழிறக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். பின்னால் இருந்தால் மூக்கு மேலும் மேலும் உயரும்; இறக்கை தூக்கு விசையை இழந்து வானூர்தி விழும். தேர்ந்த இயக்குநராலும் இதைத் தடுப்பது கடினம். முன்பக்கம் சற்றுக் கனமான வானூர்தியோ, மந்தமாகத் திரும்பும், வேகமாகத் தரையிறங்கும். எனினும் பெரும்பாலும் முழுதாகத் திரும்பி வரும்.

பயிற்சி வானூர்திகளில் ஈர்ப்பு மையம் பொதுவாக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 விழுக்காட்டுத் தொலைவில் வைக்கப்படும். இறக்கையின் அகலம் 30 செ.மீ. எனில் இது 7.5 முதல் 10 செ.மீ. ஆகும். முதற் பறப்புக்கு முன்பக்க எல்லையே உகந்தது. இக்கணக்கு செவ்வக இறக்கைக்கு நேராகப் பொருந்தும். நுனி குறுகிய அல்லது பின்சாய்ந்த இறக்கைக்குச் சராசரி அகலத்தையும் அதன் இடத்தையும் முதலில் கணிக்க வேண்டும். வரைபடத்தில் இடம் குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுவது நல்லது.

கருவிகளைப் பொருத்துதல்

மின்கலத்தின் இடம் இறுதியில்தான் உறுதி செய்யப்படும். அது எங்கே அமைந்தாலும் அசையாதவாறு பட்டையால் இறுகக் கட்டப்பட வேண்டும். செங்குத்தாக ஏறும்போது மின்கலம் பின்னால் வழுக்கினால், தரையில் பார்த்த சமநிலை வானில் இராது.

சர்வோ என்பது, அலைவாங்கி தரும் துடிப்பின் நீளத்திற்கேற்பத் தன் கையைத் திருப்பும் சிறு மின்பொறி. ஏறத்தாழ 1.5 மில்லிநொடித் துடிப்பு நடு நிலையைக் குறிக்கும். எரிபொருள் எஞ்சின் உள்ள வானூர்தியில் அதிர்வு மிகுதி. ஆகையால் சர்வோவின் காதுகளில் இரப்பர் வளையங்களும், அவற்றினுள் பித்தளைக் குழல்களும் இடப்படும். குழலின் அகன்ற விளிம்பு மரத்தைத் தொட வேண்டும். தலைகீழாக இட்டால் விளிம்பு இரப்பரினுள் அழுந்தும். அலைவாங்கியும் பஞ்சு போன்ற நுரையில் சுற்றி வைக்கப்படும்.

முன்னர் பரவலாக இருந்த 35, 72 மெகாஎர்ட்சு அலைவாங்கிகளின் அலைக்கம்பி ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுடையது. அதை வெட்டவோ சுருட்டவோ கூடாது. நீளம் மாறினால் எட்டும் தொலைவு குறையும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து பரவிய 2.4 கிகாஎர்ட்சு அலைவாங்கிகளில் கம்பி நுனி 3 செ.மீ. அளவே. இரு கம்பிகள் இருப்பின் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கரிம இழைப் பாகங்களுக்கு அப்பால் வைக்கப்படும்.

சமநிலை பார்த்தல்

எல்லாக் கருவிகளையும் பொருத்திய பின், குறித்த இடத்தில் இறக்கையின் இருபுறமும் விரல் நுனியால் தாங்கி வானூர்தி தூக்கப்படும். மேலிறக்கை வானூர்தியை நேராகவும், கீழிறக்கை வானூர்தியைக் கவிழ்த்தும் பார்ப்பது வழக்கம். எரிபொருட் கலன் பெரும்பாலும் ஈர்ப்பு மையத்திற்கு முன்னே இருப்பதால், எரிபொருள் தீரத் தீர மையம் பின்னே நகரும். எனவே கலன் வெறுமையாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

வால் தாழ்ந்தால் முதலில் மின்கலம் முன்னே நகர்த்தப்படும். அதுவும் போதாதபோதுதான் மூக்கில் ஈயம் சேர்க்கப்படும். மூக்கு மையத்திலிருந்து 20 செ.மீ., வால் 60 செ.மீ. தொலைவில் இருந்தால், வாலில் கூடிய 10 கிராமைச் சமன் செய்ய மூக்கில் 30 கிராம் வேண்டும். உடைந்த வாலைப் பசையால் ஒட்டிய வானூர்தி பழையபடி பறக்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாட்டுச் சமநிலைக்கு, மூக்கையும் வாலையும் நடுக்கோட்டில் தாங்கி, உயர்ந்து நிற்கும் இறக்கை நுனியில் சிறு எடை சேர்க்கப்படும்.

பறக்கவிடும் முன்

மின்மோட்டார் உள்ள வானூர்தியில் சுழலியைக் கழற்றிவிட்டே கருவிகள் சோதிக்கப்பட வேண்டும். பின்னால் நின்று பார்க்கையில், வலப்புறம் திரும்பக் கட்டளையிட்டால் வல இறக்கையின் மடல் மேலேயும் இட இறக்கையின் மடல் கீழேயும் செல்ல வேண்டும். மடல்கள் மாறி அசைவது புதிய வானூர்தி முதற் பறப்பிலேயே நொறுங்கக் காரணமாகும் பிழைகளுள் ஒன்று. அடுத்து, பரப்பியின் திறனைக் குறைத்து, அதன் கையேடு கூறும் தொலைவுக்கு நடந்து சென்று கருவிகள் இயங்குவது உறுதி செய்யப்படும். அலைத்தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்குமாறு அலைவாங்கியில் அமைத்து, பரப்பியை அணைத்து அதையும் சோதிப்பர்.