புது ரிம் மாட்டும்போது பழைய டயர் சென்சாரை என்ன செய்வது?

தண்ணீர்மலைப் பக்கம் இருக்கிறீர்கள். காருக்கு 17 அங்குல ரிம் பார்த்தாச்சு, விலையும் பேசியாச்சு. நல்ல டயர் கடையில் ஒரு கேள்வி வரும்: "பழைய சென்சாரையே போடவா, புதுசு வேணுமா?" கேட்காத கடை என்றால், நீங்கள்தான் கேட்க வேண்டும். பழைய ரிம்மோடு சென்சாரும் போய்விட்டால், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பலர் அதைப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள்.

பினாங்கில் இது சின்ன விஷயமில்லை. ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை. பெருநிலத்துக்குப் போக பாலம்தான் வழி. 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்த இரண்டாவது 24 கிலோமீட்டர். நடுக்கடலில் டயர் மெல்லக் காற்று இறங்கினால், அந்த விளக்குதான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த விளக்கு வந்ததற்கே ஒரு கதை உண்டு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்த விவகாரத்துக்குப் பிறகு, 2000-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. அங்கே 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். காற்றழுத்தம் 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்க வேண்டும்.

முதலில் உங்கள் காரில் சென்சார் இருக்கிறதா பாருங்கள். சில கார்கள் ஏ.பி.எஸ். கருவியை வைத்து, சக்கரம் சுற்றும் வேகத்திலேயே காற்று குறைவதைக் கணிக்கும். ரிம்முக்குள் எதுவும் இருக்காது. அப்படியென்றால் டயர் ஆறியிருக்கும்போது சரியாகக் காற்று நிரப்பி, ரீசெட் செய்தால் போதும்.

உள்ளே சென்சார் இருந்தால், அது வால்வோடு சேர்ந்திருக்கும். பேட்டரி பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு தாங்கும். உள்ளே வைத்து மூடியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. காருக்கு மூன்று, நான்கு வயதுதான் என்றால் பழையதையே போடலாம். ஆனால் ரப்பர் வளையம், நட்டு, வால்வு கோர், மூடி எல்லாம் புதுசாக வேண்டும். விலை அதிகமில்லாத சாமான், இதில் கஞ்சம் வேண்டாம். எட்டு வயதுக் கார் என்றால் நாலையும் மாற்றிவிடுங்கள், என் கருத்து அதுதான். ஒன்று இன்று செத்தால் அடுத்தது பின்னாலேயே வரும், ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றக் கூலி கொடுக்கணும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: அலுமினிய வால்வில் பித்தளை மூடி போட்டால் உப்புக் காற்றில் அரித்து ஒட்டிக்கொள்ளும். திருகினால் வால்வே முறியும். பிளாஸ்டிக் மூடி போதும்.

புதுசு வாங்கினால் அலைவரிசை பொருந்தணும். ஐரோப்பிய சென்சார்கள் 433 மெகாஹெர்ட்ஸ், ஜப்பான், அமெரிக்க கார்களில் பெரும்பாலும் 315. ஜப்பானிலிருந்து வந்த ரீகன் கார் என்றால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. அதைக் காருக்குக் கற்றுக்கொடுக்கணும், அல்லது பழைய எண்ணையே புது சென்சாரில் பதியணும். இரண்டுக்கும் கடையில் கருவி வேண்டும்.

வேலை முடிந்ததும் காரை ஸ்டார்ட் செய்து பாருங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் காற்று குறைவு. பல கார்களில் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு நிலைத்தால், சென்சாரையே காருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். கடையை விட்டு நகராதீர்கள். பழைய ரிம்மை விற்பதற்கு முன், உள்ளே சென்சார் மிச்சமிருக்கா என்றும் பாருங்கள்.