1924 வெள்ளமும் நம் ஓடையும்

மொட்டை மாடியில் நின்றால் மேற்கே ஒரு மலைத்தொடர் தெரிகிறதே, அதற்கு அந்தப் பக்கம் மூணாறு. அங்கே 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைக் கேரளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் அந்தப் பெயர்.

அது நம் ஊரையும் தொட்ட கதைதான். அந்நாளில் மூணாற்றுத் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடிக்கு வந்து, தூத்துக்குடியில் கப்பலேறும். 1908 முதல் ஓடிய அந்த ரயில் பாதையை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி அதை யாரும் போடவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்த 1928-இல் மலைமேல் ரயில் இல்லை.

அந்த அழிவுக்கு மழை மட்டுமே காரணமில்லை. மாட்டுப்பெட்டி அருகே சரிந்த மண்ணும் மரங்களும் ஆற்றை மறித்தன. பின்னால் தேங்கிய நீர் அடைப்பை உடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே மூணாறு பகுதியில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டுபோனது.

மலைக்கு இந்தப் பக்கம் நம் கொட்டகுடி ஆறு. குரங்கணி மலைகளில் பிறந்து, போடியைக் கடந்து, தேனி அருகே முல்லைப் பெரியாற்றோடு கலந்து வைகைக்குப் போகிறது. அந்தப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. டாப் ஸ்டேஷனுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கு மேல், தூரமோ கொஞ்சம். மேலே கொட்டிய மழை சில மணி நேரத்தில் இங்கே வந்துவிடும்.

“வைகை அணை இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். 1959-இல் திறந்த அந்த அணை நமக்குக் கீழே, ஆண்டிபட்டி பக்கம் இருக்கிறது. அது மதுரையைக் காக்கும். போடியைக் காக்க முடியாது. நமக்குக் காவல் மூன்றுதான்: மலையில் ஏலக்காய்க்கு நிழல் தந்து மண்ணையும் பிடித்து நிற்கும் மரங்கள், ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்கள், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடைகள்.

முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதில் ஒரு துண்டு நம் பின்சுவரை ஒட்டியே ஓடுகிறது. அங்கே இப்போது கட்டட இடிபாடும் குப்பைப் பைகளும் கிடக்கின்றன. மாட்டுப்பெட்டியில் மரமும் மண்ணும் செய்ததை, சிறிய அளவில் இவை செய்யும். முதலில் மூழ்குவது நம் கீழ்த்தள வண்டி நிறுத்துமிடமும் மோட்டார் அறையும்தான்.

செப்டம்பர் முடிவதற்குள் ஓடையைத் தூர்வாரச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுப்போம். நம் பங்குக்கு, இன்றிலிருந்து ஒரு பைகூட அந்தப் பக்கம் விழ வேண்டாம்.