கோதுமையின் மறுமுகம் – 6
ஜூ டவுனில் ஒரு வாரக் கோதுமை

சென்ற வாரம் நெதர்லாந்தில், தி ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் நிறுத்தியிருந்தோம். 1944-45 குளிர்காலம். ஜெர்மானியப் படை உணவு வரத்தைத் தடுத்துவிட்டது. ஜனங்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்கிறார்கள். ஊரே எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்க, சீலியாக் என்ற குடல்நோயால் வயிறு உப்பிக் கைகால் சூம்பிக் கிடந்த குழந்தைகள் மட்டும் தேறுகிறார்கள். அங்கிருந்த டாக்டர் வில்லெம் டிக்கேக்கு 1930களிலேயே கோதுமைமேல் ஒரு சந்தேகம் இருந்தது. ரொட்டியே இல்லாத அந்தக் குளிர்காலம் அதை உறுதியாக்கியது. யார் குற்றவாளி என்பதை அவர் நிரூபித்த கதைக்கு முன்னால், நாம் கொச்சிக்குப் போயாக வேண்டும்.

மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி, கொச்சி ராஜா கொடுத்த நிலத்தில் 1568இல் எழுந்தது பரதேசி யூதப் பள்ளி என்னும் தொழுகைக்கூடம். அதை நோக்கி நீளும் தெருதான் ஜூ டவுன். 1662இல் போர்த்துக்கீசியர் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். மறுவருடமே கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போனது, பள்ளியும் மீண்டும் எழுந்தது. அடுத்த நூற்றாண்டில் டச்சுக் கம்பெனிக்கு மிளகு திரட்டிக் கொடுத்த பெருவணிகர் எசெக்கியேல் ரஹபி இந்தச் சமூகத்தவர். 1760இல் மணிக்கூண்டு கட்டியதும் அவர்தான்.

தெருவுக்குள் நடந்த வியாபாரம் உலகம் முழுக்கப் போனது. அடுப்பில் வெந்தது மட்டும் உள்ளூர் அரிசி. சோறு, அப்பம், புட்டு, மீன் குழம்பு என்று அண்டை அயல் சமையலே இங்கும். ஆனால் பெசாக் பண்டிகை வந்துவிட்டால் கோதுமை இல்லாமல் முடியாது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட முன்னோரை நினைத்துப் புளிப்பில்லா அப்பம் உண்ண வேண்டும். மட்சா என்பது அதன் பெயர். கொச்சி யூதர்கள் இதில் மிகக் கறாரானவர்கள். பண்டிகைக்கு வெகுமுன்பே வீடு துப்புரவாகும், பெண்கள் தானியத்தை மணிமணியாகப் பொறுக்குவார்கள். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிஷத்துக்குள் அப்பம் வெந்தாக வேண்டும். தாமதித்தால் அது புளித்த மாவு.

கையருகே இருக்கும் அரிசியில் செய்துகொண்டால் என்ன? யூதச் சட்டம் இடம் தராது. மட்சாவுக்கு ஐந்து தானியங்கள் மட்டுமே தகும். கோதுமை, பார்லி, ஸ்பெல்ட் என்னும் பழங்கோதுமை, ரை, ஓட்ஸ் என்று மரபு அவற்றை அடையாளம் சொல்கிறது. புளித்துப் பொங்கக்கூடிய தானியத்தைப் பொங்கவிடாமல் சுடுவதுதான் மட்சா. அரிசி பொங்காது, கெட்டுத்தான் போகும் என்றார்கள் பழைய ரப்பிகள். நம் இட்லி மாவு பொங்குகிறதே என்று கேட்பீர்கள். அது உளுந்தின் புண்ணியம்.

கோதுமை மாவைப் பிசைந்தால் அதிலுள்ள குளுட்டன் என்ற புரதம் வலைபோல விரிந்து, புளிக்கும்போது வரும் காற்றைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் ரொட்டி உப்புகிறது. சீலியாக் உள்ளவர்களின் சிறுகுடலில் உடம்பின் காவல் அமைப்பைத் தவறாகத் தூண்டுவதும் இதே புரதம்தான். சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து மட்டமாகின்றன. தின்றது உடம்பில் ஒட்டாமல் போகிறது.

இப்போது தி ஹேக்குக்குத் திரும்புவோம். 1950இல் டிக்கே தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். வேதியியலாளர் வான் டி காமர், டாக்டர் வெய்யர்ஸ் இருவரோடும் சேர்ந்து குழந்தைகளின் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தார். கோதுமை கொடுத்தால் கொழுப்பு ஏறியது, ரை கொடுத்தாலும் ஏறியது. அரிசியும் மக்காச்சோளமும் கொடுத்தால் ஏறவில்லை. கோதுமையின் மாச்சத்தைத் தனியே கொடுத்தார்கள், அதுவும் நிரபராதி. மிஞ்சியது குளுட்டன். பெசாக் பட்டியலும் டிக்கேயின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. பிற்காலத்தில் லண்டனில் ஒரு ரப்பி, சீலியாக் உள்ள தன் மகளுக்காக ஓட்ஸில் மட்சா செய்ய வழி கண்டார். கலப்படமற்ற ஓட்ஸைப் பெரும்பாலான நோயாளிகளின் குடல் தாங்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1887இல் லண்டனில் இந்த நோயை முதலில் துல்லியமாக வர்ணித்த சாமுவேல் ஜீ, குணமானால் உணவால்தான் குணமாகும் என்றார். எவ்வளவு தீர்க்கமான பார்வை! ஆனால் அவர் விலக்கச் சொன்ன பட்டியலில் அரிசி இருந்தது. அனுமதித்ததில், மெல்லிசாக வெட்டி இருபுறமும் வாட்டிய ரொட்டி இருந்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய சோற்றை ஒதுக்கிவிட்டு, எத்தனை தாய்மார்கள் நம்பிக்கையோடு டோஸ்ட் ஊட்டியிருப்பார்கள்!

அப்படியானால் அரிசி உண்ணும் ஜூ டவுனில், மதுரையில், யாழ்ப்பாணத்தில் இந்த நோய் இல்லையா? நெடுங்காலம் மருத்துவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். காரணம், இதே வேஷத்தில் இன்னொரு நோய் இங்கே உலவியது. ஓயாத பேதி, மெலிவு, ரத்தசோகை. 1880இல் ஜாவாவில் டச்சு மருத்துவர் வான் டெர் பர்கும், சீனாவில் பேட்ரிக் மேன்சனும் அதை 'ஸ்ப்ரூ' என்று எழுதினார்கள். 1960களின் தொடக்கத்தில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் அது கொள்ளைநோயாகவே பரவியது. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதைத் துரத்தினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அதே தேய்ந்த குடல். ஆனால் ஃபோலிக் அமிலம், பி12, டெட்ராசைக்ளின் கொடுத்தால் ஆறிவிடும். கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தென்னாட்டில் குடல் தேய்ந்திருந்தால் ஸ்ப்ரூ என்று முடிவுகட்டும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. வடக்கே 1966இல் டெல்லி மருத்துவர்கள் இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் இருப்பதை எழுதிய பிறகும், சப்பாத்தி தேசத்து நோய் அது, நமக்கில்லை என்ற எண்ணம் இங்கே அசையவில்லை.

அசைத்தது 2016இல் வந்த ஓர் ஆய்வு. வேலூரில் பல்லாண்டு பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணாவின் தலைமையில் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். நாம் தப்பித்தோம் என்று பெருமூச்சு விடத் தோன்றும்.

அடுத்த எண்ணைப் பார்த்தால் அந்தப் பெருமூச்சு நின்றுவிடும். இந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம். தெற்கில்? 36.4 சதவீதம்! ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் ஒருநாளைக்கு உண்ட கோதுமை 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

அந்த 25 கிராமைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்கள். அரிசி நாட்டிலிருந்து கோதுமை நாட்டுக்கு. நாம் எங்கும் போகவில்லை, கோதுமைதான் நம்மிடம் வந்தது. அரிசிப் பஞ்சத்தில் ரேஷன் கடை வழியாக அமெரிக்கக் கோதுமை. பிறகு மைதா பரோட்டா. பிறகு சர்க்கரை நோய்க்குப் பயந்து இரவுச் சப்பாத்தி. காலையில் பிரெட், பள்ளிப் பையில் பிஸ்கட். வளராத பிள்ளையையும், மாத்திரை தின்றும் ஏறாத ரத்தசோகையையும் பூச்சி என்றும் சத்துக்குறைவு என்றும் தள்ளிவிடும் வழக்கத்தை நம் வீடுகளும் மருத்துவர்களும் இனியாவது விட வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், துப்பு கிடைத்துவிடும். ஆனால் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் நோய் ஒளிந்துகொள்ளும்.

நோய் உறுதியாகிவிட்டது என்று வையுங்கள். தமிழ்நாட்டு வீடு. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் போயாயிற்று. மூன்று வேளையும் சோறு, சாம்பார், ரசம். மாதங்கள் ஓடுகின்றன. எதிர்ப்பொருள் இறங்க மறுக்கிறது, வயிறும் ஆறவில்லை. வீட்டில் கோதுமை மணியே இல்லை என்று அம்மா சத்தியம் செய்கிறார். அனுபவமுள்ள உணவியல் நிபுணர் தட்டைப் பற்றி மேலே எதுவும் கேட்பதில்லை. தாளிக்கும்போது சாம்பாரில் ஒரு சிட்டிகை போடுவீர்களே, அந்தச் சின்ன டப்பாவை எடுத்துவாருங்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை உரக்கப் படியுங்கள் என்கிறார்.

அம்மா படிக்கத் தொடங்குகிறார். இரண்டாவது சொல்லில் குரல் நின்றுவிடுகிறது.

(அடுத்த வாரம்: டப்பாவுக்குள் இருந்தது என்ன?)